நிற்க வைத்த பம்பு

என் வீட்டுக்காரர் தியாபுக்கு வாயை முந்திக்கொண்டு கை பேசும். கரக் ஊர் முழுக்க இது தெரியும். எங்கள் கல்யாணத்தன்று என் தாய்மாமனின் மூக்கை உடைத்தவர் அவர். மாமன் செய்த குற்றம், மாப்பிள்ளையின் தோளைத் தட்டி, "பொண்ணைப் பத்திரமா பாத்துக்கப்பா" என்று இரண்டு தடவை சொன்னது. ஒரு தடவை சொன்னால் பாசம், இரண்டு தடவை சொன்னால் சந்தேகம் என்பது தியாபின் நியாயம். மூக்கில் துணியைச் சுற்றிக்கொண்டு மாமன் விருந்துக்கு உட்கார்ந்தார். எனக்கு அன்றைக்கு வெட்கமாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இருபது வயசு, வேறென்ன சொல்வது.

பட்டாளத்தில்தான் பாய்லர் வேலை கற்றார். அங்கே ஒரு சமையல்காரனின் தாடையைப் பெயர்த்துவிட்டதால் அங்கிருந்து அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு இந்த ஊரில் குளிர்காலத்தில் உள்ளே வெந்நீர் ஓடி எத்தனை வீட்டு ரேடியேட்டர்கள் சூடாகின்றனவோ அதில் பாதி அவர் கை பட்டது. அதே கைதான் கசாப்புக்கடைக்காரனின் மூன்று பற்களைக் கழற்றியது. ஒரு வாடிக்கையாளரை அவர் வீட்டுக் கண்ணாடிக் கதவு வழியாகவே வெளியே அனுப்பியது. என்னையும் ஒரு முறை அறைந்தார். நான் கொதிக்கிற தேநீர்க் கெட்டிலை எடுத்து வீசினேன். அந்தத் தழும்பு இன்றும் அவர் தோளில் இருக்கிறது, அதற்குப் பிறகு என்னைத் தொட்டதில்லை.

அவர் ஒவ்வொருவரை அடித்தபோதும் எங்கள் வகையறாவின் பெரியவர் ஷேக் ஹம்தான் ஆட்களைத் திரட்டிக்கொண்டு அடிபட்டவன் வீட்டுக்குப் போய் நிற்பார். பழிவாங்காமல் பொறுத்திருக்க முதலில் தவணை கேட்பார். அதை அத்வா என்போம். தவணை முடிவதற்குள் நாற்பது ஐம்பது பேராக மறுபடி போய் சமாதானம் பேசுவார். அதுதான் ஜாஹா. மூன்று முறை போனார். மூன்றாவது முறை திரும்பி வந்தபோது ஒரு தாளைக் கையோடு கொண்டு வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்தார்.

"தியாப், இதுல நாப்பது பேரு கையெழுத்து இருக்கு. தேதி மட்டும் போடல. இன்னொரு தடவை நீ ஒருத்தன் மேல கைய வச்சே, இல்ல உன்னால ஒருத்தன் ரத்தம் விழுந்துச்சு, தேதியப் போட்டு ஊருக்குச் சொல்லிருவோம். நீ எங்க ஆள் இல்ல. உன்ன எவன் வெட்டுனாலும் கேக்க வரமாட்டோம். உன் பொண்டாட்டி பிள்ளைக்கும் அதேதான்."

தியாப் தாளைப் பார்க்கவில்லை. "காபி குடிங்க," என்றார். ஷேக் குடித்தார், தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். எங்கள் மகன் ஹாரித் அப்போது அகபா துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால் நிற்க ஆள் இல்லாமல் போய்விடுமே என்று நான் மூன்று நாள் சாப்பிடவில்லை. எங்கள் பக்கத்தில் வகையறா இல்லாதவன் சட்டை இல்லாதவன்தான், எவன் வேண்டுமானாலும் கை வைக்கலாம்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் அந்தக் கை சும்மா இருந்தது. கோபம் வந்தால் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு நடந்துவிடுவார். பைகள் கிழிந்து கிழிந்து நான் தைத்துக்கொண்டே இருந்தேன்.

அவருடைய காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பம்பு சத்தம் போடுகிறது என்று யாராவது கூப்பிட்டால் முழநீளத் திருப்புளி ஒன்றை எடுத்துப் போவார். அதன் நுனியைப் பம்பின் மேல் வைத்து, பிடியை வலது காதில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்வார். கூழாங்கல் உருளுகிற மாதிரி கேட்டால் உள்ளே காற்று. விசில் அடித்தால் எங்கேயோ வால்வு பாதி மூடியிருக்கிறது. பல்லைக் கடிக்கிற மாதிரி கேட்டால் பேரிங் போயிற்று. அந்த ஒரு நேரத்தில்தான் அந்த முகத்தில் சாந்தத்தைப் பார்த்திருக்கிறேன்.

இனி கலஃபின் வீட்டுக்கு வருகிறேன்.

கோட்டைக்குக் கீழே இரண்டு மாடிக் கல்வீடு. கீழே கலஃப், எங்கள் வகையறா. மேலே அவன் தங்கை நவ்ஃபா, அவள் புருஷன் ஸைதானோடு. ஸைதான் வேறு வகையறா. வீட்டைக் கட்டும்போது மச்சானும் மச்சானும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ஒரே பாய்லர், ஒரே பம்பு, மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறையில். அங்கிருந்து ரேடியேட்டர்களுக்கு வெந்நீர் கொண்டுபோகிற இரும்புக் குழாய் மேலேயும் போகும், கீழேயும் போகும்.

அப்புறம் நவ்ஃபாவின் அப்பா இறந்துபோனார். ஒலிவத் தோப்பில் தன் பங்கைக் கேட்டாள் நவ்ஃபா. மார்க்கம் கொடுத்த பங்கு, மூன்றில் ஒன்று. இங்கே பொம்பளை பங்கு கேட்டால், அண்ணன் உடம்பில் ஒரு கையை வெட்டித் தா என்று கேட்டது போல முகத்தைச் சுளிப்பார்கள். கலஃபும் சுளித்தான். அந்த வருஷத்து எண்ணெய் பன்னிரண்டு தகரம், பங்கு பிரிகிற வரை யாரும் தொடக்கூடாது என்று சொல்லி, படிக்கட்டு அறையில் பூட்டி வைத்தார்கள்.

அதே அறையில்தான் பழைய பம்பு செத்துப்போனது. போன அக்டோபரில் புதிது மாட்ட தியாப் போனார்.

பம்பைப் படுக்கை வாட்டில் மாட்ட ஒரு சாண் இடம் வேண்டும். அந்த ஒரு சாணில் எண்ணெய்த் தகரம் நின்றது. "நாலு தகரத்த அந்தப் பக்கம் நகத்து," என்றார் கலஃபிடம்.

"நான் தொட்டா, பங்க எடுத்துட்டான்னு மேல இருக்கவன் ஊரக் கூட்டுவான். நீயும் தொடாதே."

மேலே போய் ஸைதானைக் கேட்டார். "அவன் தொட்டா திருட்டு, நான் தொட்டா சண்டை. நீ தொட்டா, நீ அவன் ஆளு. வேலைய முடிச்சிட்டுப் போ, அபூ ஹாரித்." எங்கள் பக்கத்தில் மூத்த மகன் பெயரைச் சேர்த்து அப்பாவை அபூ என்றும் அம்மாவை உம் என்றும்தான் கூப்பிடுவார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "படுக்க வேண்டியத நிக்க வச்சிட்டு வந்திருக்கேன்."

"என்னத்தை?"

"பம்பை. தண்டு மேல பாத்து நிக்குது. அப்படி நிக்கக் கூடாது. காத்து மேல போய்த் தங்கும், மேல் பேரிங் காஞ்சு தேஞ்சிரும். பங்கு பிரிச்சதும் போய் மாத்திரலாம்."

"அவனுங்க பங்கு பிரிக்கிறதுக்குள்ள நமக்குப் பேரன் பொறந்துருவான்," என்றேன். சிரித்தோம். மறந்தும் போனோம்.

டிசம்பரில் தட்டும் சத்தம் ஆரம்பித்தது. விடியற்காலை பாய்லர் தானாக எரியத் தொடங்கியதும், குழாய் வழியாக டங் டங் என்று ஒரு சத்தம். கீழே படுத்திருந்த கலஃபுக்கு அது மேலேயிருந்து வந்தது. மேலே படுத்திருந்த ஸைதானுக்குக் கீழேயிருந்து வந்தது. தன்னைத் தூங்க விடாமல் பண்ணி வீட்டை விட்டுத் துரத்தப் பார்க்கிறான் என்று இரண்டு பேரும் நினைத்தார்கள். ஒருத்தனாவது படிக்கட்டு அறைக்குப் போய்ப் பார்த்திருக்கலாம். போனால் எண்ணெயைத் தொடப் போனதாக ஆகிவிடும். அதனால் போகவில்லை, பதிலுக்குத் தட்டினார்கள். காபி இடிக்கிற பித்தளை உலக்கையால் கலஃப் தன் ரேடியேட்டரை அடித்தான். ஸைதான் சுத்தியலால் தன்னுடையதை அடித்தான். ஒரு மாசம் தொழுகை அழைப்புக்கு முன்பே அந்தத் தெரு முழிக்க வேண்டியதாயிற்று. ஒருத்தர் சத்தத்தில் இன்னொருத்தருக்குப் பம்பின் சத்தம் கேட்கவே இல்லை.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஸைதான் சுத்தியலைக் கையில் பிடித்தபடியே கீழே இறங்கி வந்தான். அடிக்கத்தான் வந்தானா, கையில் இருந்ததை மறந்து வந்தானா என்று யாருக்குத் தெரியும். கலஃபின் கண்ணுக்குச் சுத்தியல் மட்டும்தான் தெரிந்தது. உலக்கையைச் சுழற்றினான். முதல் அடியில் தோள் எலும்பு முறிந்தது. இரண்டாவது காதுக்கு மேலே விழுந்தது. நவ்ஃபா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்தவன் கூடப் பிறந்தவன், விழுந்தவன் புருஷன். ரத்தம் ஒவ்வொரு படியாக இறங்கி எண்ணெய் அறைக் கதவடியில் தேங்கியது. அதைக் கழுவியவளும் அவள்தான்.

ஒன்பது நாள் ஸைதான் கண் திறக்கவில்லை. ஷேக் ஹம்தான் போய்த் தவணை வாங்கினார். கலஃபைக் குடும்பத்தோடு வேறு கிராமத்துக்கு அனுப்பிவைத்தார்கள். ஸைதானின் தம்பி முத்லக், தவணை முடிகிற சனிக்கிழமை நடுப்பகல் லுஹர் தொழுகை வரைதான் பொறுப்பேன், சமாதானம் படியாவிட்டால் கலஃபைச் சுட்டுவிடுவேன் என்று பள்ளிவாசல் வாசலில் சத்தியம் செய்தான். அவன் சொன்னதைச் செய்கிறவன். எங்கள் ஆட்களும் துப்பாக்கிக்கு எண்ணெய் போட ஆரம்பித்தார்கள்.

வியாழக்கிழமை காலையில் நவ்ஃபா எனக்கு போன் செய்தாள். அவள் அந்த மாடியில் தனியாக இருந்தாள். புருஷன் வீட்டார் அவளை எதிரியின் தங்கை என்றார்கள், பிறந்த வீட்டார் எதிரியின் பெண்டாட்டி என்றார்கள். ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

"உம் ஹாரித், எனக்குப் பயமா இருக்கு. அவரு ஆஸ்பத்திரியில கெடக்காரு. அண்ணன் ஊர்லயே இல்ல. கீழ் வீடு பூட்டிக் கெடக்கு. ஆனா இன்னைக்கும் விடியக்காலைல தட்டுது. யாரு தட்டுறா?"

தியாபிடம் சொன்னேன். அவர் முகம் அப்போதே மாறிவிட்டது. ஆம்பிளை துணையில்லாத வீட்டுக்கு அவர் தனியாகப் போக முடியாது, அதனால் நானும் போனேன்.

பாய்லரைப் போட்டார். பத்து நிமிஷத்தில் சத்தம் வந்தது. முதலில் மேலே போய் ஒவ்வொரு ரேடியேட்டரின் மூலைத் திருகையும் தளர்த்திக் காற்றை விட்டார். புஸ்ஸென்று காற்று போய்த் தண்ணீர் துப்பியது. சத்தம் நிற்கவில்லை. கீழே வந்து அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தார், சரியாக இருந்தது. இரண்டு வால்வும் முழுசாகத் திறந்திருந்தன. பம்பின் வேகத்தை மூன்றிலிருந்து ஒன்றுக்குக் குறைத்தார். சத்தம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. இதெல்லாம் அவருக்குத் தேவையே இல்லை. பழியை வேறு எதன் மேலாவது போட முடியுமா என்று அந்த மனுஷன் தேடிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரிந்தது.

கடைசியில் திருப்புளியை எடுத்தார். நுனியைப் பம்பின் தலையில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். சாந்தம் எதுவும் வரவில்லை. "நீயும் கேளு," என்று என்னிடம் நீட்டினார். வைத்துப் பார்த்தேன். யாரோ வலியில் பல்லைக் கடிக்கிற மாதிரி இருந்தது. பம்பு நடுங்கியது, அந்த நடுக்கத்தில் குழாய் சுவரின் ஓட்டைக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மோதிக்கொண்டிருந்தது. சுவிட்சை அணைத்தார், நின்றது. போட்டார், டங் டங் என்றது.

எண்ணெய்த் தகரங்கள் பன்னிரண்டும் அசையாமல் பக்கத்திலேயே நின்றன.

படியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "ஒருத்தனும் தட்டலடி. நான்தான் தட்டியிருக்கேன்."

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு நான் சொன்னதை மறைக்கப் போவதில்லை. "வாயத் தொறக்காதீங்க. நாளைக்குப் போய் சரியா மாட்டிட்டு வந்துருங்க. கலஃப் அடிச்சான், கலஃப் பாத்துக்கட்டும். உலக்கைய நீங்களா தூக்குனீங்க?"

"சனிக்கிழமை அவன சுட்டுருவான்."

"சொன்னா உங்கள சுடுவான். உங்களால ரத்தம் விழுந்துச்சுன்னு ஆயிரும். ஷேக் அந்தத் தாள்ல தேதிய எழுதிருவாரு. உங்களுக்குன்னு கேக்க ஒருத்தன் வரமாட்டான். ஹாரித நெனச்சுப் பாத்தியா நீ?" கோபத்தில் மரியாதை போய்விட்டது.

கை பையிலிருந்து வெளியே வந்தது. எனக்குத்தான் விழப்போகிறது என்று கெட்டிலைத் தேடினேன். சமையலறைக் கதவின் பலகையில் விழுந்தது. பலகை பிளந்து, முஷ்டி மறுபக்கம் வந்தது. கையை உருவி, சிராய்களைப் பிடுங்கிவிட்டு, மறுபடி கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டார். மறுநாள் பம்பைத் தொடப் போகவில்லை.

சனிக்கிழமை ஜாஹா முத்லக்கின் வீட்டு முற்றத்தில் கூடியது. எட்டிப் பார்க்காதவர்கள் விருந்து சமைக்க மட்டும் நவ்ஃபாவைக் கூப்பிட்டிருந்தார்கள்; அவளுக்குத் துணையாக நானும் அந்த வீட்டுச் சமையலறையில் இருந்தேன். மோர்க்குழம்பில் ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. சமாதானமானால் விருந்து, ஆகாவிட்டால் தெருநாய்களுக்குக் கொண்டாட்டம். ஜன்னலுக்கு வெளியே இரண்டு வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு பக்கம் எங்கள் ஆட்கள், எதிரே அவர்கள். நடுவில் கங்குத் தட்டின் மேல் காபிக் கூஜாக்கள். கலஃப் ஷேக் ஹம்தானுக்குப் பின்னால் தலையைக் குனிந்து நின்றான். ஊருக்கு நடுவான ஒரு பெரியவர் இரண்டு பக்கத்துக்கும் ஜாமீன் நின்றிருந்தார். அவர் முகத்துக்காக அந்த முற்றத்தில் யாரும் யாரையும் தொடக்கூடாது. தொட்டால், அவர் முகத்தை வெட்டினதாக அர்த்தம். அது உலக்கையால் அடித்ததை விடப் பெரிய குற்றம்.

ஷேக்குக்குக் காபி ஊற்றினார்கள். அவர் கோப்பையைக் குடிக்காமல் முன்னால் வைத்தார். வந்த காரியம் முடிந்தால்தான் அது வாய்க்குப் போகும். தப்பு எங்களுடையது, உங்கள் உரிமை எங்கள் தலைமேல் என்றெல்லாம் முறைப்படி பேசினார்.

ஸைதானின் பெரியப்பா பதில் சொன்னார். "ஷேக், உங்க தலைய நாங்க மதிக்கிறோம். எங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான். ஸைதான் கண்ணு தொறந்ததும் சொன்னான், 'நான் மொதல்ல தட்டல, அவன்தான் தட்டுனான்'னு. உங்க ஆளு, ஸைதான்தான் மொதல்ல தட்டுனான்னு சொல்றான். குர்ஆன்ல கை வச்சு கலஃப் சத்தியம் பண்ணட்டும். பண்ணிட்டா எங்க உரிமைய விட்டுருவோம். பண்ணலன்னா, நாங்க வேற மாதிரி வாங்கிக்குவோம்."

"பொய்ச் சத்தியம் பண்ணான்னா கைய எடுக்கறதுக்கு முன்னாடியே சுட்டுருவேன்," என்றான் முத்லக். அவன் கோட்டுக்குள் என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

குர்ஆனைக் கொண்டு வந்தார்கள். கலஃபுக்குத் தயக்கமே இல்லை, அவன் மனசார நம்பியதைத்தான் சொல்லப் போகிறான். என் பக்கத்தில் நவ்ஃபா என் கையைப் பிடித்தாள். நகம் உள்ளே இறங்கியது. அவன் சத்தியம் செய்தால் புருஷன் பொய்யன், செய்யாவிட்டால் அண்ணன் பிணம்.

"கைய எடு கலஃப்," என்ற குரல் கேட்டது. தியாப் எழுந்து நின்றார்.

ஷேக் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் செத்துவிட்டேன். "உக்காரு," என்றார்.

"உக்கார மாட்டேன். ரெண்டு பேருமே மொதல்ல தட்டல. தட்டுனது பம்பு. படுக்க வைக்க வேண்டியத நான் நிக்க வச்சேன். எண்ணெய்த் தகரத்த நகத்த விடல, நானும் சரின்னுட்டு, தப்புன்னு தெரிஞ்சே வச்சிட்டு வந்துட்டேன். இப்ப போய்க் கேளுங்க, வீட்டுல ஆம்பிள ஒருத்தனும் இல்ல, இன்னும் தட்டிக்கிட்டுதான் இருக்கு. ஸைதான் ரத்தம் என் கழுத்துல."

முத்லக் மெதுவாக எழுந்தான். "பம்பா? எங்கண்ணன் ஒன்பது நாள் பொணமா கெடந்தது ஒரு பம்புக்கா?"

தியாப் இத்தோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் திணித்தார், முத்லக்கை நேராகப் பார்த்தார்.

"ஆமாடா, பம்புக்குத்தான். நீ பதினஞ்சு நாளா துப்பாக்கியத் தொடச்சியே, ஒரு தடவ அந்த வீட்டுப் படியேறி உங்க அண்ணிக்கு ரொட்டி வேணுமான்னு கேட்டியா? கேட்டிருந்தா உன் காதுலயும் விழுந்திருக்கும். மீச முறுக்கத்தான் வளந்திருக்கே. ஆஸ்பத்திரில அவன் கண்ண தொறந்தப்ப பக்கத்துல இருந்தது நர்ஸு, நீ இல்ல."

முத்லக் கங்குத் தட்டிலிருந்த பெரிய கூஜாவைப் பிடுங்கினான். பித்தளை, முழுக்கக் கொதிக்கிற காபி. அதை அப்படியே தியாபின் வலது காதில் இறக்கினான். அந்தச் சத்தம் சமையலறை வரை கேட்டது. தியாப் நாற்காலியோடு சாய்ந்தார். காபியும் ரத்தமும் கழுத்தில் ஒன்றாக வழிந்தன. முத்லக் விலாவில் உதைத்தான், வயிற்றில் உதைத்தான். அவர்கள் பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தன் நாற்காலிக் காலால் முதுகில் அடித்தான்.

அந்த மூன்று பேரையும் தியாப் நின்ற இடத்தில் சுருட்டிப் போட்டிருப்பார். அந்தக் கை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும், என் கதவைக் கேளுங்கள். ஆனால் கை பைக்குள்ளேயே இருந்தது. தரையில் உருண்டபோதும் வெளியே வரவில்லை. பை கிழிகிற சத்தத்தை நான் கேட்டேன் என்று சத்தியம் பண்ணுவேன்.

எங்கள் ஆட்கள் எழுந்தார்கள். ஷேக் ஹம்தான் கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினார். அவர் கத்தவில்லை. "எந்திரிங்க, போகலாம்," என்றார் அவ்வளவுதான். குடிக்காத கோப்பை அங்கேயே இருந்தது.

அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. சமாதானம் பேச வந்த விருந்தாளியை, ஜாமீன் நின்றவரின் முகத்துக்கு முன்னால், தங்கள் சொந்த முற்றத்தில், தங்கள் காபியாலேயே அடித்திருக்கிறார்கள். இந்த ஜாஹா குடிக்காமல் தெருவில் இறங்கினால், நாளைக்கு ஊர் ஊராகத் தவணை கேட்டு அலைய வேண்டியவர்கள் அவர்கள்தான். பெரியப்பா தள்ளாடி ஓடிவந்து ஷேக்கின் அங்கியைப் பிடித்தார். தலைத்துணியைப் பிடித்திருக்கும் கயிற்றைக் கழற்றி, மானத்தையே வைப்பது போல அவர் காலடியில் போட்டார்.

"போகாதே ஹம்தான். உங்க உரிமை எங்க மேல ஏறிருச்சு."

"எவ்ளோ ஏறிருச்சு?"

"எங்களுதுக்குச் சரியா ஏறிருச்சு. எங்க பையன் தல, உங்க ஆளு தல. ரத்தத்துக்கு ரத்தம் போயிருச்சு. துப்பாக்கிய நான் வாங்கிக்கிறேன். காபியக் குடி."

ஷேக் ஜாமீன்காரரைப் பார்த்தார், அவர் தலையசைத்தார். ஷேக் உட்கார்ந்து கோப்பையை எடுத்தார். ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்தார். நாற்பது பேரும் குடித்தார்கள். அதற்குப் பிறகுதான் தரையில் கிடந்தவரை நினைத்தார்கள்.

அதற்குள் நான் முற்றத்தில் இருந்தேன். ஆம்பிளைகள் நடுவில் தலைத்துணி கூடச் சரியாக இல்லாமல் ஓடியிருக்கிறேன். கையில் குழம்புக் கரண்டி இருந்தது. முத்லக்கின் முகத்தில் மூன்று தடவை அடித்தேன், நெற்றி பிளந்தது. எல்லாரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். "பொம்பள அடி சேத்தியில்ல," என்றார் அவர். ஐம்பது வருஷமாக இந்த ஊர் பொம்பளையைச் சேர்த்திக்குள் வைக்காததில் எனக்கு வயிறெரிச்சல் உண்டு. அன்றைக்கு மட்டும் இல்லை. நான்காவதும் ஒன்று போட்டேன்.

விலா எலும்பு இரண்டு போயிருந்தது. அது கூடிவிட்டது. வலது காதின் ஜவ்வு கிழிந்து, உள்ளே வெந்து, அந்தக் காது செத்தது. டாக்டர் சொன்னபோது தியாப் சிரித்தார். நான் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்து அழுதேன். அந்த மனுஷனிடம் நல்லதென்று இருந்ததே அந்த ஒரு காதுதான்.

ஷேக் வந்து பார்த்தார். ஆப்பிள் கொண்டு வந்தார். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. கேட்டேன். "அது இருக்கட்டும் உம் ஹாரித். இன்னும் ரெண்டு கையும் நல்லாத்தான இருக்கு," என்றார்.

எண்ணெய்த் தகரங்களை அந்த வாரமே பிரித்தார்கள். எட்டு கலஃபுக்கு, நான்கு நவ்ஃபாவுக்கு. அவளுடையதை அவளே தூக்கிக்கொண்டு மேலே ஏறினாள், அண்ணனைத் தொட விடவில்லை. ஸைதான் கட்டுப்போட்ட தோளோடு திரும்பி வந்திருந்தான். மச்சான்கள் இன்னும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் உலக்கையும் சுத்தியலும் அமைதியாக இருக்கின்றன.

மார்ச்சில் தியாப் புதுப் பம்பைக் கொண்டு போய், காலியான அந்த ஒரு சாண் இடத்தில் படுக்க வைத்து மாட்டினார். குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் ரப்பர் சுற்றினார். பாய்லரைப் போட்டுவிட்டு, பழக்கத்தில் திருப்புளியை வலது காதுக்குக் கொண்டு போனார். பிறகு இடது காதில் வைத்துப் பார்த்தார், தலையை ஆட்டினார். பட்டாளத்தில் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்ற காது அது, அதுவும் பாதிதான். என்னிடம் நீட்டினார்.

"நீ சொல்லு. எப்படி இருக்கு?"

காதில் வைத்துக் கண்ணை மூடினேன். தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும்தான் இருந்தது.

"நல்லா ஓடுது," என்றேன்.

"கூழாங்கல்லு?"

"இல்ல."

"பல்லு கடிக்குதா?"

"இல்லவே இல்ல. தூங்குற பிள்ளை மாதிரி இருக்கு."

அவர் முகத்தில் அந்தப் பழைய சாந்தம் வந்தது. இரண்டு மாசமாகத் தொண்டையில் வைத்திருந்த கேள்வியை அப்போது கேட்டுவிட்டேன். "அந்த முத்லக்கை வேணும்னேதானே சீண்டுனீங்க? அவன் அங்க வச்சு அடிச்சா சரிக்குச் சரி ஆயிரும்னு தெரிஞ்சுதானே? சொல்லுங்க, நான் உங்க பொண்டாட்டி."

அவர் திருப்புளியை வாங்கித் துடைத்துப் பைக்குள் வைத்தார். பிறகு மெதுவாக, வேண்டுமென்றே, செத்த காதை என் பக்கம் திருப்பினார்.

"என்ன சொன்ன?" என்றார். "அந்தப் பக்கம் கேக்காதுடி."